மலையில்லாத ஊருக்கு மூன்று பிறேக்

"மலையொன்றும் இல்லாத ஊருக்கு
மூணு பிறேக் என்னத்துக்கு அக்கா?"
சியாத் கேட்டது ஞாயந்தான்.
கல்லடிப் பாலத்தின் சின்னக் கூனலை விட்டால்
எங்களுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

காத்தான்குடியில், நடுறோட்டுப் பேரீச்சைகளுக்கு முன்னே
அவனுடைய கடைவாசல்.
இரண்டு லுமாலாவை வெட்டி ஒட்டிய வண்டி
கட்டிலைப் போல நீட்டிக் கிடந்தது.
முன்சீற்று எனக்கு:
ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் உரிய
ஓட்டப் பழகினவள்.
பின்சீற்று இவருக்கு:
முப்பது வருசம் கொழும்பு பஸ் ஓட்டின மனிசன்.
சீனி வருத்தம் முதலில் பேப்பர் எழுத்தைத் தின்றது,
பிறகு பஸ் போர்ட்டை,
பிறகு என் முகத்தை.
கால் மட்டும் இன்னும் பென்சன் எடுக்கவில்லை.
கதிரையில் இருக்கும்போதும்
தெருவில் யாரும் ஹோர்ன் அடித்தால்
வலது பாதம் தரையை அமத்தும்.

சாக்கு விரித்து
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தான் சியாத்.
இவர் விரலால் பார்த்தார்.
கம்பிப் பிறேக்கா?
"இது ஒரு ஆளுக்கு. அதுவும் மெலிஞ்ச ஆளுக்கு."
கலிப்பரை நெரித்து,
"மாரியில றிம் நனைஞ்சா
இது மன்னிப்புக் கேக்கும், நிக்காது."
டிஸ்க்கைக் கொஞ்சநேரம் வைத்திருந்தார்,
ஆசைப்பட்ட மாதிரி.
"நல்ல சாமான்தான். இந்தப் பழைய முள்ளு தாங்காது தம்பி."
முன்னுக்கும் பின்னுக்கும் வி-பிறேக் என்று முடிவானது.
"பின்கேபிளுக்கு முழுக்க உறை போடாத.
வளைவுக்கு மட்டும் போடு.
இல்லாட்டி பாதி இழுவை
உறைக்குள்ளேயே செத்துப்போகும்."

மூன்றாவது, பழைய ஷாலியில் கழற்றின ட்றம்.
"ரெண்டு பேர் நூற்றிமுப்பது கிலோ.
அரிசி வாங்கினா நூற்றைம்பது.
இது மலைக்கு இல்ல மனே,
மாட்டுக்கு."

சில்லைப் பூட்டி முடித்தபின்
குந்தியிருந்து தடவினார்.
"புயத்தைச் சட்டத்தோட கட்டல்லயே.
அப்படி விட்டா, பிறேக் பிடிக்கச் சில்லு நிக்காது,
ட்றம்தான் கிறுகும்."
சியாத் நாக்கைக் கடித்தான்.

கடைசியில் ஒரு கைப்பிடி மிஞ்சியது.
"இத எங்க?"
"எனக்கு" என்றார்.
"எனக்கு" என்றேன்.
கண் தெரிகிறவளிடம்தானே
நிறுத்தம் இருக்க வேணும்?
பின்னால் லொறி வரும்போது
சும்மா பயந்து இழுத்துவிட்டால்?
"வெலிக்கந்தையில ஒரு ராத்திரி..."
என்று தொடங்கினார்.
இருபத்தெட்டு வருசமாய் அந்த வசனம்
அந்த இடத்தைத் தாண்டினதில்லை.
சியாத்தின் பிளேன்ரீ ஆறியது.
"பின்னுக்கே பூட்டு" என்றேன்.

ஆரையம்பதிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.
காற்று முதுகில். வேகம் எங்களைக் கேட்காமல் ஏறியது.
வளைவில் மாடு,
குறுக்காக, வீட்டு வாசலில் நிற்பதுபோல்.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
றப்பர் கடித்தது. போதவில்லை.
இவருடைய பாரம் என்னை முன்னுக்குத் தள்ளியது.
அப்போது அடியிலிருந்து
மெதுவாய், கனமாய் ஓர் இறுக்கம்.
மாட்டின் மூச்சு ஹாண்டிலில் படுகிற தூரத்தில் நின்றோம்.
அது அசைபோட்டபடியே இருந்தது.

"நான் சொல்லல்லயே.
எப்படித் தெரிஞ்சது?"
"உன்ட கால் நிண்டது. என்ட காலும் நிண்டது.
ஒரே சங்கிலிதானே, சௌந்தரி."

பின்னேரம் வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
"மாடு என்ன நிறம்?"
என்று கேட்டார்.
நான் கவனிக்கவில்லை.
"செவலை" என்றேன்.
"ம்" என்றவர்
கேபிள் திருகை விரலால் தேடிப் பிடித்து
அரைச் சுற்று இறுக்கினார்.
புதுக் கம்பி, முதல் கிழமை நீளும்.
நாளைக்கு இன்னோர் அரை.